வன்னி வீட்டுக்கு ஒரு சின்ன நாய்: மீட்புக் குழுவிடமிருந்து தத்தெடுக்க விரும்புவோருக்கு

வன்னியில் நாய் இல்லாத வளவு குறைவு. அந்த நாய்களுக்கென்று ஒரு வேலை உண்டு. இரவில் படலையடியில் படுத்திருக்கும். மாடு புகுந்தாலும் பன்றி வந்தாலும் குரைக்கும். மிஞ்சிய சோற்றைத் தின்னும். மழையோ வெயிலோ தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பொமேரியன், ஷிட்சு, பக் போன்ற சின்ன நாய்களால் அப்படி வாழ முடியாது. மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை அவை. வெளியே கட்டிப்போட்டால் வெயிலும் உண்ணியும் தனிமையும் சேர்ந்து அவற்றை உருக்கிவிடும். ஆகவே எந்த இனம், என்ன நிறம் என்று பார்க்கத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த நாய் வீட்டுக்குள் வாழ்வதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் சம்மதமா?

வீட்டாரோடு பேசுங்கள்

அம்மம்மாவுக்குச் சாமி அறைப் பக்கம் நாய் வருவது பிடிக்காது. அம்மாவுக்குக் குசினிக்குள் மயிர் பறப்பது பிடிக்காது. இவை நியாயமான கவலைகள். பேசித் தீர்க்கக்கூடியவையும்கூட. சாமி அறையும் குசினியும் நாய்க்கு இல்லை, விறாந்தையும் முன்னறையும் உண்டு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், நாய் வந்த முதல் நாளிலிருந்தே அதை அப்படிப் பழக்கலாம். ஒருவர் உள்ளே அழைக்க இன்னொருவர் துரத்தினால் நாய் குழம்பிப்போகும்.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் பாருங்கள். எல்லோரும் விடிய வயலுக்கும் வேலைக்கும் போய்ப் பொழுதுபட்ட பிறகு திரும்பும் வீடு இந்த நாய்களுக்கு ஏற்றதல்ல. ஓய்வு பெற்ற ஒருவரோ வீட்டிலிருந்து தைக்கும் ஒருவரோ இருந்தால் அதுவே பெரிய தகுதி. அடுத்தது ஆயுள். நல்ல பராமரிப்பில் இந்த நாய்கள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வரை வாழும். இன்று ஆசைப்பட்டுக் கேட்கும் மகன் நாளை கனடாவுக்கோ கொழும்புக்கோ போனால் நாய் யாருடைய பொறுப்பு என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. 2008, 2009இல் இடம்பெயர்ந்தபோது நாயை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டி வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் "இனி நாய் வேண்டாம்" என்று சொன்னால், அது நாயின் மீதுள்ள வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. அவசரப்படுத்தாதீர்கள். அவருடைய மனம் ஒப்பிய பிறகு கொண்டுவரும் நாயை அவரே எல்லோரையும்விட நன்றாகப் பார்த்துக்கொள்ளவும் கூடும்.

வெயிலை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் உடற்சூட்டை வெளியேற்றும். பக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகியது. எவ்வளவு இளைத்தாலும் சூடு போதியளவு இறங்காது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வன்னியின் மதிய வெயிலும், தகரத்துக்கோ சீற்றுக்கோ கீழே தேங்கும் அனலும் அவற்றுக்கு உண்மையான உயிராபத்து. உங்கள் வீடு தகரக் கூரையாகவும் மின்விசிறி இல்லாததாகவும் இருந்தால் தட்டை மூக்கு நாயை எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பொமேரியனுக்கு மூக்கு ஓரளவு நீளம். ஆனால் அதன் இரட்டை அடுக்கு மயிர் குளிர்நாட்டுக்கு உரியது. ஓட்டு வீடும் மரநிழலும் சீமெந்துத் தரையும் இருந்தால் சமாளிக்கும். வெக்கைக்கு நல்லது என்று எண்ணி அதன் மயிரை ஒட்ட வழித்துவிடுகிறார்கள். அதைச் செய்யக்கூடாது. அந்த மயிர் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. வழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். நாள்தோறும் சீவி, உதிரும் உள்மயிரை எடுத்துவிட்டாலே போதும். குட்டைக் காலும் நீண்ட உடம்பும் கொண்ட டாக்ஸ்ஹுண்டின் குட்டை மயிர் நம் வெயிலுக்கு வசதியானது. ஆனால் அது வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம். கோழி வளர்க்கும் வீட்டில் அது தினமும் சண்டையைக் கொண்டுவரும். நீண்ட முதுகெலும்பு என்பதால் கட்டிலிலிருந்து குதிக்கவும் விடக்கூடாது.

என் மனதுக்குப் பிடித்தவை கலப்பு நாய்கள். பொமேரியன் தாய்க்கும் ஊர் நாய்க்கும் பிறந்து, ஆறேழு கிலோவுக்கு மேல் வளராதவை, கைவிடப்பட்ட நாய்களை எடுத்துக் காக்கும் மீட்புக் குழுக்களிடம் வருவதுண்டு. மூக்கு நீளம், மயிர் குறைவு. "இது அசலா?" என்று கேட்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டிப் போகாதீர்கள். குட்டிதான் வேண்டும் என்றும் நிற்காதீர்கள். மூன்று நான்கு வயது நாயின் குணம், எடை, பழக்கம் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும்.

குழுவோடு பேசுதல்

சின்ன இன நாய்களை மீட்கும் தொண்டர்களில் பெரும்பாலானோர் கொழும்பிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இருக்கிறார்கள். பேஸ்புக்கில் நாயின் படத்தைப் போட்டு வீடு தேடுவார்கள். வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் உண்டு. அங்கே அடைக்கலம் பெறுபவை பெரும்பாலும் தெருவில் விடப்பட்ட நாய்கள். சின்ன நாய்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் முதலில் அங்கே ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

இந்தச் சின்ன நாய்கள் ஏன் கைவிடப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரும். சில நாய்களின் உரிமையாளர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாய் உணவின் விலையைக் கண்டு கையை விரித்தவர்களும் உண்டு. குட்டி விற்பவர்கள், ஈன்று ஈன்று ஓய்ந்த தாய் நாய்களைத் தெருவில் விடுவதும் நடக்கிறது. அப்படி வந்த தாய் நாய் கூண்டுக்கு வெளியே உலகத்தைப் பார்த்திருக்காது. புல்லில் கால் வைக்கத் தயங்கும். பற்கள் கெட்டிருக்கும். பொறுமை உள்ள வீட்டுக்கு அதைவிட நன்றியுள்ள நாய் கிடைக்காது.

குழுவிடம் இவற்றைக் கேளுங்கள்: வயது, எடை, எப்படி வந்தது, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா, கருத்தடை சத்திரசிகிச்சை முடிந்ததா, பற்களும் கண்களும் எப்படி. அதன் பிறகு குணம் பற்றி: பிள்ளைகளோடு எப்படி, கோழியைக் கண்டால் என்ன செய்யும், மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயப்படுமா, தனியே விட்டால் கத்துமா. நாய் நடப்பதையும் சாப்பிடுவதையும் காட்டும் வீடியோ ஒன்று கேளுங்கள். நடக்கும்போது நடுநடுவே பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் முழங்காற் சில்லு விலகும் பிரச்சினை இருக்கலாம். சின்ன இனங்களில் இது அடிக்கடி காணப்படுவது. இருந்தாலும் எடுக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கலாம். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு நிரப்புங்கள், அல்லது தொலைபேசியில் பேச நேரம் கேளுங்கள். வன்னி தூரம் என்பதால் நேரில் வந்து பார்க்க முடியாதே என்று அவர்கள் தயங்குவது இயல்பு. நீங்களே முந்திக்கொண்டு வீட்டையும் வேலியையும் நாய் படுக்கப்போகும் இடத்தையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள். எந்த மிருக வைத்தியரிடம் காட்டப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இந்த ஒரு தகவலே அவர்களுடைய பாதித் தயக்கத்தைப் போக்கும். ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஆன செலவில் ஒரு பங்கைக் குழு கேட்டால் அது நியாயம். நாயை வீடியோ அழைப்பில்கூடக் காட்டாமல் முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

நாய் வருமுன் வளவு

ஐந்து கிலோ நாய் முட்கம்பி வேலிக்கு நடுவே நிமிர்ந்தபடியே நடந்து போகும். வீதியில் கட்டாக்காலி நாய்க் கூட்டம் ஒன்று நின்றால் அதோடு முடிந்தது. முழு வளவையும் அடைக்க முடியாவிட்டால், வீட்டோடு ஒட்டிய ஒரு பகுதியை மட்டும் கோழிக் கம்பி வலையால் அடையுங்கள். வலையின் அடிப்பகுதியை ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். படலையின் அடியில் பலகை ஒன்று அடித்தால் அந்த இடைவெளியும் அடைபடும். கட்டு இல்லாத கிணறு இருந்தால் நாய் வருமுன் மூடியாக வேண்டும்.

விறகுக் குவியல், பழைய ஓடு, கிடுகு அடுக்கு ஆகியவற்றை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். எலி அங்கே இருந்தால் புடையனும் நாகமும் வரும். சின்ன நாய்க்கு அபாயம் கூடுதல். பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு ஒன்றுதான். அதைத் தாங்க வேண்டிய உடம்பு சிறியது. இருட்டிய பிறகு சிறுநீருக்கு வெளியே விடும்போது டோர்ச் லைற்றோடு நீங்களும் கூடப் போங்கள். கடித்துவிட்டால் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள்.

எலி மருந்து, பூச்சிகொல்லிப் போத்தல், உரப் பை எல்லாவற்றையும் பூட்டும் அறைக்குள் வையுங்கள். குளத்தில் குளிப்பாட்டும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது.

கொண்டுவரும் பயணம்

கொழும்பிலிருந்து கிளிநொச்சி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வானோ காரோ ஒழுங்கு செய்து இரவிலோ விடியற்புறத்திலோ புறப்படுங்கள். சில குழுக்களின் தொண்டர்கள் பாதி வழி வரை கொண்டுவந்து தருவார்கள். கேட்டுப் பாருங்கள். புறப்பட மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு வராமல் காற்றோட்டமுள்ள கூண்டில் வையுங்கள். பழைய வீட்டு மணம் உள்ள துணி ஒன்றைக் குழுவிடம் வாங்கி உள்ளே விரித்தால் நாய் அடங்கும். வழியில் கதவைத் திறக்குமுன் வார் மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். புதிய நாய்கள் காணாமற்போவது பெரும்பாலும் இப்படியான நிறுத்தங்களில்தான்.

கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் வார் வாங்குங்கள். சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் மென்மையானது. கழுத்தில் இழுபட இழுபட அது தட்டையாகி, வாத்துக் கத்துவது போன்ற இருமல் தொடங்கக்கூடும்.

முதல் கிழமைகள்

உறவினரை அழைத்துக் காட்டாதீர்கள். ஒரு மூலையில் படுக்கை, தண்ணீர், அமைதி, இவ்வளவுதான் வேண்டும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல், கட்டிலுக்குக் கீழே கிடந்தாலும் இழுத்து எடுக்காதீர்கள். தரையில் அருகே அமர்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அது தானாக வரும். தண்ணீரும் குடிக்காமல், வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எழுந்தவுடனும் சாப்பிட்ட பின்னும் தூங்கப் போகுமுன்னும் சிறுநீருக்கும் மலத்துக்கும் வளவின் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே போனால் பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்காமல் துடைத்துவிடுங்கள். அடிபட்ட நாய் மறைவாகப் போகப் பழகுமே தவிர வெளியே போகப் பழகாது.

வளவில் ஏற்கெனவே காவல் நாய் இருந்தால் இருவரையும் வீட்டுக்கு வெளியே, பொதுவான இடத்தில், இருபுறமும் வாரோடு சந்திக்க வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணங்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். பதினைந்து கிலோ நாய் விளையாட்டாக உதறினாலும் சின்ன நாயின் கழுத்து முறியலாம். முதல் மாதம் முழுவதும் இருவரையும் தனியே விடவே கூடாது.

நடக்கக் கூட்டிப்போவது வெயில் ஏறுமுன், அல்லது பொழுதுபட. தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பற்றைக் காட்டுப் பக்கம் வாரை அவிழ்க்காதீர்கள். முகமாலை போல மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நடப்பட்ட இடங்களின் அருகே நாயைத் தேடி ஓடும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

அளவுக்கு மீறி மூச்சிளைத்து, நாக்கு கடும் சிவப்பாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். அது தேறியது போலத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

உண்ணி

வன்னியில் சின்ன நாயை வளர்ப்பவர் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியது உண்ணியைத்தான். மண்ணிற நாய் உண்ணி காட்டில் மட்டும் இருப்பதில்லை. வீட்டுச் சுவர் வெடிப்பிலும் தூண் இடுக்கிலும் கூரை மரத்திலும் அது முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். ஆகவே நாயின் உடம்பில் பொறுக்கி எடுத்தால் மட்டும் தீராது. வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும், படுக்கைத் துணியைக் கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் போட வேண்டும், காவல் நாய்க்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற இரு கிருமிகளும் இலங்கையில் உண்டு. காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, வெளிறிய பல்முரசு, மூக்கில் இரத்தம், கோப்பி நிறச் சிறுநீர்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை. நாள்தோறும் மாலையில் காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, வால் அடி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். முரசு நல்ல நேரத்தில் என்ன நிறம் என்பதையும் பார்த்து வையுங்கள். அது தெரிந்தவருக்குத்தான் வெளிறியது தெரியும்.

உண்ணித் தடுப்புக்கு வில்லைகளும், பிடரியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. எடையைப் பார்த்து வைத்தியர் தருவதையே கொடுங்கள். பெரிய நாய்க்குரிய வில்லையை உடைத்துப் பாதி கொடுக்கும் கணக்கு ஆபத்தானது. அதைவிட ஆபத்து, வயலுக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது. ஊர் நாய் ஒன்று தப்பியிருக்கலாம். நாலு கிலோ நாய் தோல் வழியாகவும் நக்கியும் அதை உள்ளே எடுத்துச் சில மணி நேரத்தில் வலிப்பு வந்து இறந்துவிடக்கூடும். மண்ணெண்ணெயும் வேண்டாம்.

ஊசி, பதிவு, மருந்து

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடந்தோறும் போட வேண்டும். உங்கள் பகுதியில் இலவச ஊசி எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரியுங்கள். வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கட்டாக்காலிகளோடு நரிகளும் திரியும் இடம் இது. நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்பது 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். பிரதேச சபையில் கேட்டு முடித்துவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் அவசியம். மாரியில் வயல்வெளி நீரோடு எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் மழை தொடங்குமுன் அதைப் போட்டு முடிப்பது நல்லது. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யப்படாவிட்டால் செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் பிடித்து இறப்பது வயதான பெண் நாய்களில் சாதாரணமாக நடக்கிறது.

அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழி வேலையே அதிகம். ஆகவே சின்ன நாயைப் பார்த்துப் பழகிய வைத்தியர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ யார் என்பதை நாய் வருமுன்பே விசாரித்து, இரவில் அழைக்கலாமா என்பதையும் கேட்டு வையுங்கள். நாய்க்குக் காய்ச்சல் என்று வீட்டில் உள்ள பனடோலையோ ஐபுபுரூபனையோ கொடுக்கவே கூடாது.

சாப்பாடு

சோறும் அவித்த மீனும் கொடுக்கலாம். முள்ளெடுத்து, உப்பு, தூள், வெங்காயம், உள்ளி இல்லாமல் தனியே அவிக்க வேண்டும். கொஞ்சம் பூசணி, கரட், அவித்த முட்டை சேருங்கள். சோறு மட்டுமே கொடுத்தால் கொழுக்குமே தவிரச் சத்துச் சேராது. இயலுமானால் ஒரு வேளையாவது நாய்களுக்கான உலர் உணவு கொடுங்கள். அவித்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். சொக்லேற்றும், கேக்கில் போடும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) நஞ்சு. நத்தார், வருடப்பிறப்பு நாட்களில் வரும் விருந்தினருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். குழு கொடுத்த உணவிலிருந்து உங்கள் உணவுக்கு ஒரு கிழமையில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். பல் நோய் சின்ன நாய்களுக்கு விரைவில் வரும். நாய்களுக்குரிய பற்பசையால் தேய்த்துப் பழக்குங்கள், நம்முடையது வேண்டாம்.

சரிவராவிட்டால்

நல்ல குழுக்கள் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில், நாயை வைத்திருக்க முடியாமற் போனால் அவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கும். அதை மதியுங்கள். குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம், வீட்டில் ஒருவர் நோயில் விழலாம், வெளிநாட்டு விசா கிடைக்கலாம். அப்போது ஆசைப்பட்டுக் கேட்கும் அயலவரிடம் கொடுத்துவிட்டால், அங்கிருந்து அது எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் முன்னதாகவே குழுவுக்குச் சொன்னால் அவர்கள் வேறு வீடு தேட நேரம் கிடைக்கும். குழுவின் தொலைபேசி எண்ணையும் மிருக வைத்தியரின் எண்ணையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, அந்த அட்டை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.